தும்பை முளைத்த வேலியோரம்

ஜப்பான்காரன் ஆளும் கெலுகோரில் காலை வெயில் இப்போதே சுள்ளென்று அடிக்கிறது. செல்வநாயகி வீட்டு வேலியோரச் சரளை மண்ணில், முழங்கால் உயரம்கூட இல்லாத தும்பைச் செடிகளைப் பிச்சைமுத்துவின் மண்வெட்டி சரக் சரக்கென்று சாய்க்கிறது. வெள்ளைப் பூக்கள், இந்தத் தெரு கண்டு வெகுநாளான சோற்றுப் பருக்கைகள்போல் அவன் காலடியில் சிதறுகின்றன. அவள் கணவர் ஐயாத்துரை தினமும் சிவனுக்குப் பறித்து வைத்த பூ. போன மாதம் சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடிக்க வந்த ஜப்பான்காரனுக்கு இந்த வீட்டைக் கை நீட்டிக் காட்டியவன் இவன்தான். அன்று லாரியில் ஏற்றிப்போன ஐயாத்துரை இன்னும் திரும்பவில்லை. “மரவள்ளி போடணும்னு உத்தரவுலா, அக்கா. பூவையா அவிச்சுத் தின்பீங்க?” என்று பல்லைக் காட்டுகிறான். அவள் மண்ணையே பார்க்கிறாள். ஒவ்வொரு வெட்டுக்கும் காய்ந்த தும்பைத் தலைகள் குலுங்கி, எள்ளைவிடச் சிறிய விதைகளைக் கொட்டுகின்றன. கிளறிய மண் அவற்றை மூடிக்கொள்கிறது. ஒரு மழை போதும், அவன் ஊன்றும் மரவள்ளிக் குச்சி தழைக்குமுன் தும்பை தரையைப் பிடித்துவிடும். அவன் வியர்வை துடைக்க நிற்கிறான். “வடிவாக் கொத்து, தம்பி,” என்கிறாள் செல்வநாயகி. “ஒரு இடமும் விடாதை.”