காலி வீட்டு மீன் குழம்பு

காலி வீட்டுக்குள்ளிருந்து மீன் குழம்பு வாசனை வந்தது.

"வீடு காலியா இருக்குன்னு மனு குடுத்திருக்கீங்க" என்றார் வரி இன்ஸ்பெக்டர் சேக் மைதீன், சைக்கிளைச் சுவரில் சாய்த்துக்கொண்டே.

"ஆமாங்க சார். ஆறு மாசமா ஈ காக்கா கிடையாது." தைரியராஜின் பேரில் இருந்த தைரியம் அத்தனையும் கால் வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. "வாசனை பக்கத்து வீட்டுலேர்ந்து வருதுங்க."

பக்கத்தில் இருந்தது விறகுக் கடை.

பொன்மலை ஒர்க்ஷாப்பில் ரிட்டையரான தைரியராஜுக்குப் பாலக்கரையில் இரண்டு வீடு. ஒன்றில் அவர். மற்றதில் தையல்கார வியாகுலம்மாள், புருஷன் போன பிறகு இரண்டு பெண் குழந்தைகளோடு ஒன்பது வருஷமாக வாடகைக்கு இருக்கிறாள். இந்த வருஷம் வீட்டு வரி ஏறிவிட்டது. வீடு காலியாகக் கிடந்தால் அந்த அரை வருஷத்து வரியில் பாதி தள்ளுபடி என்று யாரோ சொன்னார்கள். மனுஷன் அன்றைக்கே மனு எழுதிப் போட்டுவிட்டார். இன்ஸ்பெக்டர் நேரில் வந்து பார்ப்பார் என்பதை அந்த யாரோ சொல்லவில்லை.

சற்று முன், தெருமுனையில் இன்ஸ்பெக்டரின் சைக்கிளைப் பார்த்ததுமே தைரியராஜ் வியாகுலம்மாளிடம் ஓடியிருந்தார்.

"இந்தாம்மா, கொஞ்ச நேரம் பீரோவுக்குள்ள இரு. மாசக் கடைசியில வீட்டை விட்டுடணும்னு சொன்னேன்ல, இன்னும் ஒரு மாசம் சேத்துத் தரேன்."

வேறு வீடு தேடித் தேடிக் கால் தேய்ந்திருந்தவள் என்ன செய்வாள்? குழம்பை அடுப்பிலேயே விட்டுவிட்டு பீரோவுக்குள் புகுந்துகொண்டாள். நல்லவேளை, பெண்கள் இரண்டும் ஸ்கூலுக்குப் போயிருந்தன.

சேக் மைதீன் உள்ளே வந்தார். கொடியில் ஈரப் புடவை.

"எங்க வீட்டுத் துணிங்க. இங்க நல்லா காத்து வரும்."

தையல் மிஷினில் பாதி தைத்த ரவிக்கை, ஊசி குத்தியபடி.

"நான்தாங்க. ரிட்டையராயிட்டேன் பாருங்க, பொழுது போகலை. தையல் பழகறேன்."

இன்ஸ்பெக்டர் ரவிக்கையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "பழகற கை மாதிரி தெரியலையே. நல்லா வருது உங்களுக்கு."

அடுப்படிக்குப் போனார். குழம்பு தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது.

"காலி வீட்டுல அப்பப்ப அடுப்பு மூட்டணுங்க. இல்லேன்னா கரையான் பிடிச்சுடும்."

"கரையானுக்கு விரால் மீனா?" என்றவர், கைக்குட்டையால் சட்டியைப் பிடித்து இறக்கி வைத்தார். "அடி பிடிக்குது. யாரு சாப்பாடோ பாவம்."

ஆள் சுத்த அப்பாவி என்று தைரியராஜ் முடிவு கட்டினார். மூச்சு சீராக வந்தது.

அப்போது பீரோ தும்மியது. அந்துருண்டையின் வேலை.

"எலிங்க."

பீரோ மறுபடி தும்மியது. இந்தத் தடவை, பழக்கதோஷத்தில், "சேசு மரி சூசையே" என்றும் மெல்லச் சொன்னது.

சேக் மைதீன் பீரோ பக்கம் காதைச் சாய்த்தார். "எலி வேதக்கார எலி போலிருக்கு."

"மாதா கோயில் பக்கத்துல இருக்கோம்ல சார். பூசை மணி அடிச்சா அதுங்களுக்கும் கேக்குமே."

"அதுவும் சரிதான். அடுத்து யாருக்கு விடப்போறீங்க?"

"திருவெறும்பூர் புது பேக்டரிக்கு இன்ஜினீயருங்க வந்து குவியறாங்க சார். ஒருத்தர் இரட்டை வாடகை தரேன்னு நிக்கிறார். அதான் இருக்கிற பொம்பளையைக் காலி பண்ணச் சொல்லி..." தைரியராஜ் நாக்கைக் கடித்துக்கொண்டார். "இருந்த பொம்பளைங்க. போயிடுச்சு."

"இருந்த பொம்பளை" என்று தலையாட்டினார் சேக் மைதீன். பீரோவை ஒரு முறை பார்த்துக்கொண்டார். "சரி. ஆறு மாசமா இந்த வீட்டுல யாரும் குடியில்லைன்னு உங்க கையால எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. ரெண்டு காப்பி."

தைரியராஜ் சந்தோஷமாக எழுதினார். இரண்டாவது காப்பியில் எழுத்து இன்னும் அழகாக விழுந்தது.

சேக் மைதீன் ஒன்றைப் பைக்குள் வைத்தார். இன்னொன்றை நாலாக மடித்து பீரோக் கதவின் இடுக்கில் செருகினார். உள்ளேயிருந்து இரண்டு விரல் வந்து அதை இழுத்துக்கொண்டது.

"பத்திரமா வச்சுக்கங்கம்மா" என்றார் பீரோவிடம்.

"சார், எலிகிட்ட எதுக்கு அது..."

"நாளைக்கு இவங்களை வெளியேத்தணும்னு நீங்க கோர்ட்டுக்குப் போனா, ஜட்ஜுகிட்ட காட்ட வேண்டாமா? யாருமே குடியில்லைன்னு நீங்களே எழுதியிருக்கீங்களே."

தைரியராஜுக்கு இப்போதுதான் உறைத்தது. அப்பாவி யார் என்பதும் விளங்கியது. வாசல் வரை பின்னாலேயே ஓடினார்.

"சார், சார், மனுவைத் திருப்பிக் குடுத்துடுங்க. முழு வரியையும் கட்டிடறேன்."

"தாராளமா." சேக் மைதீன் மனுவையும் பையில் வைத்த காப்பியையும் எடுத்து நீட்டினார்.

"அந்த இன்னொரு காகிதம்?"

"அது உள்ள இருக்கிறவங்களோடது." சேக் மைதீன் சைக்கிளில் ஏறிக்கொண்டார். "அதுக்கு ஏன் இப்படிப் பதர்றீங்க? காலி வீட்டுலேர்ந்து யாரைங்க காலி பண்ணப் போறீங்க?"