திரும்பச் சொல்லு

"அந்த ஆளுக்குக் காது அவுட். கயிறு பிடிக்க வேற ஆளைப் போட்டே ஆகணும்" என்றார் புது சூப்பர்வைசர்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. வானொலி நிலையக் கோபுரத்தின் பாதி உயரத்தில் புது ஆன்டெனா அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. உச்சியில் பெல்ட் மாட்டிக்கொண்டு தம்பி. கீழே கயிற்றைக் கம்பத்தில் சுற்றிப் பிடித்தபடி அண்ணன். இருவர் தோளிலும் வாக்கிடாக்கி.

மேலே இருப்பவன் சொல்வதைக் கீழே இருப்பவன் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் கயிறு அசையலாம். கோபுர வேலையில் இது மீறக்கூடாத சட்டம்.

"ஏத்துங்க" என்றது தம்பியின் குரல்.

"கேட்கலை. திரும்பச் சொல்லு" என்றார் அண்ணன்.

"ஏத்துங்க."

"சரியா விழலை. திரும்பச் சொல்லு."

"கொஞ்சம் மேலே ஏத்துங்க."

"கொஞ்சம் மேலே ஏத்தறேன்" என்று சொல்லிவிட்டு அண்ணன் கயிற்றை இழுத்தார்.

கயிறு நிற்கும்போதெல்லாம் இதே கூத்து. ஆன்டெனா உச்சிக்குப் போய், கிளாம்ப் மாட்டி, கடைசி நட்டு இறுகும்வரை பாரம் முழுக்க அண்ணன் கையில்தான். ஒரு சொல் தப்பாகக் காதில் விழுந்து கயிறு தளர்ந்தால், தம்பியின் விரல்கள் மிஞ்சாது.

எப்படியோ ஆன்டெனா ஆடாமல் அசையாமல் உட்கார்ந்தது. தம்பி இறங்க ஆரம்பித்தான்.

சோதித்துப் பார்த்துவிட வேண்டியதுதான் என்று சூப்பர்வைசர் கிளம்பினார். முதுகைக் காட்டி உட்கார்ந்து கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார் அண்ணன். பூனை மாதிரி பின்னால் போய் நின்று, வாய்க்குள்ளேயே முணுமுணுத்தார்.

"டீ வந்தாச்சு."

"எனக்குச் சர்க்கரை கம்மியா" என்றார் அண்ணன், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

சூப்பர்வைசருக்குச் சுர்ரென்று ஏறியது.

"ஓஹோ, காது பாம்புக் காதா இருக்கே. அப்போ வேணும்னேதான் அவனைப் படுத்துறீங்க. உங்க ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லைன்னு சொன்னாங்க. குடும்பச் சண்டையைத் தீர்த்துக்க உங்களுக்கு இந்த இடம்தான் கிடைச்சுதா?"

அண்ணன் கயிற்றைக் கீழே வைத்தார்.

"சண்டையெல்லாம் இல்லை சார். தப்பு என் மேலதான். அம்மா போனப்போ இவன் வெளியூர்ல ஒரு டவர் வேலையில இருந்தான். இவன் வந்து சேர்றதுக்குள்ள எடுத்துட்டோம். சொந்தக்காரங்க அவசரப்படுத்தினாங்க, நானும் தலையை ஆட்டிட்டேன். கடைசியா முகத்தைக்கூடப் பார்க்கலை இவன். அன்னையிலேர்ந்து என்கிட்ட ஒரு வார்த்தை கிடையாது."

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"வீட்டுக்குப் போனா கதவைத் திறந்து விட்டுட்டு உள்ளே போயிடுவான். அவன் பொண்டாட்டிதான் வாங்கன்னு சொல்லும். போன் பண்ணினா எடுக்க மாட்டான். இங்கே மட்டும்தான் சார், சட்டத்துக்குப் பயந்தாவது என்கிட்ட பேசியாகணும். அதான், இன்னொரு தடவை சொல்ல வச்சுக் கேட்டுக்கறேன்."

சூப்பர்வைசர் பக்கத்தில் கிடந்த மரப்பெட்டியில் உட்கார்ந்தார்.

"சின்ன வயசுல இவனுக்கு வாய் ஓயாது. கொஞ்சம் சும்மா இருடான்னு நான்தான் அதட்டுவேன். இப்போ அந்தக் குரலுக்கு ஏங்கிப்போய்க் கிடக்கிறேன்." கீழே வைத்த கயிற்றை மறுபடி கையில் எடுத்தார். "கயிறு ஓடும்போது ஒரு நாளும் அப்படிக் கேட்டதில்லை சார். நிறுத்துங்கன்னா அந்த நிமிஷமே நிறுத்திடுவேன். அவன் மேல ஒரு கீறல் விழ விடுவேனா?"

சூப்பர்வைசரின் கோபம் பாதி இறங்கிவிட்டது. ஆனாலும் பொறுப்பு அவருடையது ஆயிற்றே.

"எனக்குப் புரியுது. ஆனா கயிறு யார் பிடிக்கணும்னு மேலே ஏறுறவன்தான் சொல்லணும். அவன்கிட்டயே கேட்டுடறேன். வேற ஆள் வேணும்னு சொல்லிட்டா மாத்த வேண்டியதுதான்."

அண்ணனின் முகம் வாடிப்போனது.

"கேளுங்க சார். ஆனா நான் சொன்னதை மட்டும் சொல்லிடாதீங்க. தெரிஞ்சா, நாளையிலேர்ந்து வாயைத் திறக்காம கையை ஆட்டிக் காட்ட ஆரம்பிச்சுடுவான். எனக்கு இருக்கிறது இது ஒண்ணுதான்."

தம்பி அதற்குள் இறங்கி, கோபுரத்தின் அந்தப் பக்கம் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். சூப்பர்வைசர் அவனிடம் போனார்.

"இன்னும் ஒரு ஆன்டெனா பாக்கி இருக்கு. உன் அண்ணனுக்குக் காது மந்தம்போல. ஒண்ணையே மூணு தடவை சொல்ல வேண்டியிருக்கு. வேற ஆளைப் போடட்டுமா?"

"வேண்டாம் சார்" என்றான் பட்டென்று.

"யோசிச்சுச் சொல்லுப்பா. உன் உயிர் விஷயம்."

"அதனாலதான் சொல்றேன். அவர் பிடிச்சிருக்கார்னாதான் மேலே எனக்குக் கை நடுங்காம வேலை ஓடும்."

"இவ்வளவு நம்பிக்கை வச்சிருக்கிறவன், மனுஷன்கிட்ட ஒரு வார்த்தை பேசினா குறைஞ்சா போயிடுவே?"

தம்பி கோபுரத்தைத் தாண்டி எட்டிப் பார்த்தான். அங்கே அண்ணன் சுருட்டிய கயிற்றையே மறுபடியும் அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"பேசணும்னு தினமும் தோணுது சார். நான்தான் ரொம்ப முறுக்கிக்கிட்டேன். இத்தனை காலத்துக்கு அப்புறம் என்னன்னு ஆரம்பிக்கிறதுன்னு தெரியலை."

சூப்பர்வைசர் பெருமூச்சு விட்டார்.

"சரி, அது உங்க பாடு. வாக்கிடாக்கியில மட்டுமாவது கொஞ்சம் சத்தமா சொல்லித் தொலை. சத்தமா சொன்னா அவருக்கு ஒரே தடவையில கேட்டுடும்ல?"

"கேட்டுடும் சார்" என்றான் தம்பி. "அதனாலதான் மெதுவா சொல்றேன்."