கெட்டுப்போன குப்பி

காயல் தண்ணீரைச் சோதிக்கப் படகில் வந்தவர், தெளிந்த இடமாகப் பார்த்துக் கயிற்றில் ஒரு குப்பியை இறக்கினார்.

"இங்கே எடுத்தா நல்லாத்தான் இருக்கும். சாக்கடை விழுற பக்கம் என் குஞ்சுகள்ல பாதி செத்துப்போச்சு. அங்கே வர்றியா?" என்று கேட்டது நண்டு.

"அதுக்கென்ன, வர்றேனே!" என்றது குப்பி.

நண்டு அதை இழுத்துப்போய்க் கறுப்புத் தண்ணீரை நிரப்பிவிட்டது.

மேலே தூக்கிய மனிதர் மூக்கைப் பொத்திக்கொண்டார். "சே, இந்தக் குப்பி கெட்டுப்போச்சு!" என்று வீசி எறிந்தார். தெளிந்த இடத்திலேயே வேறொரு குப்பியை நிரப்பிக்கொண்டு கிளம்பினார்.

சேற்றில் விழுந்த குப்பி, "உள்ளதைத்தானே கொண்டுபோனேன்?" என்று விசும்பியது.

"நீ சரியாத்தான் செஞ்சே," என்ற நண்டு, மிச்சமிருந்த குஞ்சுகளைக் கூப்பிட்டது. "கிளம்புங்கடா! அவர் குப்பி இறக்குற இடத்துலதான் இனி நமக்கு வீடு."