வகுப்புக்குப் போகாதவள்

"லைசென்ஸ் முடிஞ்சுபோச்சுன்னு இவ்வளவு சாதாரணமா சொல்றியே, உனக்கு வெட்கமா இல்லையா?"

மிஸ் வெர்னாவின் குரல் கடையின் கடைசி நாற்காலி வரை கேட்டது. தேவாலயத்தில் பாட்டுக் குழுவை நடத்துகிற குரல், கேட்காமல் என்ன செய்யும்?

நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். மறுநாள் மிஸ் வெர்னாவின் பேத்திக்குக் கல்யாணம். மணப்பெண்ணும் தோழிகளுமாக அன்று கடை முழுக்க அவர்கள் வீட்டுக் கூட்டம்தான்.

கீழே சின்ன முக்காலியில் உட்கார்ந்திருந்த லுவா, மிஸ் வெர்னாவின் காலைத் துண்டால் சுற்றி மடியில் வைத்திருந்தாள். தலை நிமிரவில்லை.

"மன்னிச்சிடுங்க. இந்தத் தடவை நான் வகுப்புக்குப் போகல. லைசென்ஸ் இல்லாம உங்க கால்ல கை வைக்கக் கூடாது."

கடைக்காரி தூய் கல்லாவை விட்டு எழுந்தாள். நக வேலை செய்கிறவர்கள் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை வகுப்பில் உட்கார்ந்து கிருமி, சுத்தம், சட்டம் என்று மறுபடி படித்தால்தான் டெக்சாஸில் லைசென்ஸைப் புதுப்பித்துத் தருவார்கள். படிக்காதவளை வேலைக்கு உட்கார வைத்ததாகத் தெரிந்தால் சோதனை போடுகிறவர்கள் கடையையே மூடச் சொல்லலாம். அதை இவள் ஊருக்கே தம்பட்டம் அடிக்கிறாளே!

தூய் ஓடிப்போய், தானே கால் நகம் பார்த்துவிடுவதாகக் கெஞ்சினாள். மிஸ் வெர்னா கேட்கவில்லை. இந்தக் கடையை நம்பி இத்தனை வருஷம் காலை நீட்டியது தன் புத்திகெட்டத்தனம் என்று இன்னும் உரக்கச் சொல்லிக்கொண்டே, துண்டுக்குள்ளேயே சாக்ஸை இழுத்து மாட்டினார். கூட வருகிறேன் என்ற பேத்தியையும் உட்காரச் சொல்லிவிட்டு, தனியாகக் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கூட்டம் கிளம்பிப் போகிறவரை தூய் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். பிறகு லுவாவைப் பின்னறைக்குக் கூப்பிட்டாள்.

அதற்குள் பக்கத்து நாற்காலியில் வேலை செய்கிறவள் தன் பங்குக்கு ஊதிவிட்டாள். "மத்தியானமெல்லாம் ஃபோன்ல நாடகம் பார்க்க நேரம் இருக்கு, வகுப்புக்குப் போக மட்டும் நேரம் இல்லையாம்."

லுவா எதையோ சொல்ல வாயெடுத்தாள், அப்புறம் மூடிக்கொண்டாள். கடைசியில் கேட்டது ஒன்றுதான்.

"வேலையை விட்டு மட்டும் அனுப்பிடாதீங்கக்கா. அவரு இறால் படகுல போனா வர வாரக்கணக்காகுது. குழந்தையை வச்சுக்கிட்டு நான் எங்க போவேன்?"

"அதை வாய் திறக்கிறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும். வகுப்பை முடிச்சிட்டு வா. அப்பவும் உன் நாற்காலி காலியா இருந்தா பார்க்கலாம்."

"சரிக்கா." சுவரில் தன் படத்தோடு தொங்கிய லைசென்ஸைச் சட்டத்தோடு கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு லுவா போனாள். முகத்தில் வருத்தம் இருந்தது. ஆனால் தப்பு செய்த களை இல்லையே என்று தூய்க்குப் பட்டது. அதுவே இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

ஞாயிற்றுக்கிழமை கோபம் கொஞ்சம் ஆறியது. என்ன இருந்தாலும் கைக்குழந்தைக்காரி. வியட்நாமியக் கடைத்தெருவில் மளிகைக் கடை மாடியில் இந்த வகுப்பை எடுக்கிற வாத்தியார் குவாங்குக்கு ஃபோன் போட்டு, லுவாவுக்கு ஓர் இடம் ஒதுக்கும்படி கேட்டாள்.

வாத்தியார் சிரித்தார். "லுவாவுக்கா? அவ போன மாசமே முடிச்சாச்சே, தூய். அவ கேட்ட கேள்வியெல்லாம் முடியறதுக்குள்ள நான் வாங்கி வச்ச சூப்பு ஆறிப்போச்சு."

தூய் ஃபோனை வைத்தாள். போகாத வகுப்புக்குப் போனதாகப் புளுகுகிறவர்களை அவளுக்குத் தெரியும். போய்விட்டுப் போகவில்லை என்கிறவளை இப்போதுதான் பார்க்கிறாள். வேறு கடையில் இடம் பார்த்திருப்பாள், இங்கே சண்டை மூட்டிவிட்டுக் கழன்றுகொள்ள வழி தேடியிருக்கிறாள். அப்படித்தான் இருக்கும். திங்கட்கிழமை 'ஆள் தேவை' என்ற அட்டை கடைக் கண்ணாடியில் ஏறியது.

செவ்வாய்க்கிழமை காலை கதவைத் தள்ளிக்கொண்டு வந்தவரைப் பார்த்ததும் தூய் எழுந்தேவிட்டாள். மிஸ் வெர்னா. கையில் ஊன்றுகோல், வலது காலில் கணுக்கால் வரை கட்டு.

"லுவா எங்கம்மா?"

"அவளை அன்னைக்கே அனுப்பிட்டேன், மிஸ் வெர்னா. உங்களை அப்படிப் பேச வச்சதுக்கு நான் மன்னிப்புக் கேட்டுக்கிறேன்."

மிஸ் வெர்னா பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எனக்குச் சர்க்கரை, கண்ணு. கால்ல உணர்ச்சியே கிடையாது. விரலுக்கு அடியில ஆணி குத்திச் சீழ் பிடிச்சிருந்தது எனக்கே தெரியல. துடைக்கும்போது அவதான் பார்த்தா. இப்படிப்பட்ட காலைத் தொடக்கூடாது, உடனே டாக்டர்கிட்ட போகணும்னு காதுல சொன்னா. பேத்தியும் சம்பந்தி வீட்டுப் பொண்ணுங்களும் சுத்தி உட்கார்ந்திருக்காங்க. கல்யாணம் முடியறவரைக்கும் இது யாருக்கும் தெரிய வேண்டாம்மான்னு அவ கையைப் பிடிச்சுக்கிட்டேன். சத்தியம் பண்ணிக் கொடுத்தா. நேரா ஆஸ்பத்திரிக்குத்தான் போனேன். இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா பாதத்தையே எடுத்திருப்பாங்களாம்."

தூய் முக்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரில் உட்கார்ந்தாள். "அப்புறம் ஏன் அவளை அப்படித் திட்டினீங்க?"

மிஸ் வெர்னா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்கு மட்டும் ஆசையா? 'நல்லா சத்தமா திட்டிட்டு, கோவிச்சுக்கிட்டுப் போற மாதிரி போயிடுங்க, மிஸ் வெர்னா. அப்பதான் எல்லாரும் என் மூஞ்சியைப் பார்ப்பாங்க, உங்க காலைப் பார்க்க மாட்டாங்க'ன்னு சொல்லிக் கொடுத்ததே அவதான்."