ஒன்பதாவது ஆப்பு

சரக்கு ரயில் பெட்டி ஒன்றுக்கு எட்டு ஆப்புகள். ஸ்பிரிங்குகளின் பக்கத்தில் உரசிக்கொண்டே இருந்து பெட்டியின் ஆட்டத்தை அடக்கும் இரும்பு ஆப்புகள். அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் பெட்டி பழுதுபார்க்கும் பட்டறையில் டெல்பர்ட் தினம் ஒரு பெட்டியிலிருந்து தேய்ந்த எட்டைக் கழற்றி வாசலில் உள்ள தொட்டியில் போடுவார். சாயங்காலம் எண்ணினால் ஒன்பது இருக்கும்.

"எட்டுக்கு மேல எண்ண இப்பத்தான் கத்துக்கிட்டியா, பெரிசு?" என்றான் கூட வேலை பார்க்கும் ஹார்லன்.

ஒன்பதாவது எது என்று டெல்பர்ட்டுக்குத் தெரியும். போன அக்டோபரில், குளிருக்குச் சோம்பி, ஒரு மக்காச்சோளப் பெட்டியை ஒரு பக்கம் மட்டும் பார்த்துவிட்டு இரண்டு பக்கத்திலும் 'சரி' என்று சாக்கட்டியால் எழுதிவிட்டார். பார்க்காத பக்கத்து ஆப்பு தேய்ந்துபோயிருந்தது. பெட்டி தடம் புரண்டது. தண்டவாளம் சரியில்லை என்று சொல்லி, அதைப் பராமரித்துவந்த வர்ஜிலை வேலையை விட்டு அனுப்பினார்கள்.

பெட்டியை அந்த மாதமே வெட்டி உருக்கிவிட்டார்கள். ஆப்பு மட்டும் தினமும் வந்தது. நேற்று இருந்ததைவிடக் கொஞ்சம் தேய்ந்து வந்தது.

டெல்பர்ட் மேஸ்திரி ஆர்லினிடம் போனார்.

"அந்தப் பக்கம் நான் பாக்கவே இல்ல. வர்ஜில் மேல தப்பில்ல."

"பெட்டியே இல்ல, இனிமே என்னத்தக் கிளறுற? பென்ஷன் வாங்கப் போற நேரத்துல வாய வச்சுக்கிட்டுச் சும்மா இரு."

மேலே இருப்பவர்கள் சொல்லும் எதையும் நம்பாத மனிதர் டெல்பர்ட். இது வசதியாக இருந்ததால் நம்பிக்கொண்டு திரும்பினார்.

வெளியே பனி பெய்துகொண்டிருந்தது. தொட்டியில் எட்டு ஆப்புகள் வெள்ளையாக மூடிக் கிடந்தன. ஒன்பதாவதன் மேல் மட்டும் பனி விழுந்ததும் உஸ்ஸென்று ஆவியாகிக்கொண்டிருந்தது.