பொது மேலாளரின் காட்டு வண்டி

“கையை எடு மச்சான். அது வெறும் கதவு இல்ல. சமையலறை.”

மச்சான் கையை எடுத்தார். பொது மேலாளர் ஜீப்பின் பின்கதவை இரண்டே விரலால், நகைப்பெட்டியைத் திறப்பதுபோலத் திறந்தார். உள்ளிருந்து ஒரு நீள இழுப்பறை வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. அதில் அடுப்பு, தட்டு வைக்க இடம், பாத்திரம் கழுவ ஒரு குட்டித் தொட்டி.

அலுவலகத்தில் மட்டும்தான் தான் பொது மேலாளர் என்று அவருக்கு யாரும் எடுத்துச் சொன்னதில்லை. சனிக்கிழமை காலையில், வீட்டு வாசலில், பன்னிரண்டு பாக்கெட் வைத்த கால்சட்டையிலும் அவர் பொது மேலாளராகவே நின்றார்.

இன்று அவருக்கு முக்கியமான நாள். இரண்டு வருடத்துக்கு முன்னால், ஜீப் வாங்கிய புதிதில், மனைவியைக் காட்டில் கூடாரம் போட்டுத் தங்க அழைத்துப் போனார். ஒரு ராத்திரிதான். விடிந்ததும் அவள் பையைத் தூக்கிக்கொண்டு சாலைக்கு நடந்து, பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டாள். ஏன் என்று கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றாள். காரணத்தை அவரே கண்டுபிடித்துக்கொண்டார். வசதி போதவில்லை.

அன்றைக்கே மனைவியின் தம்பியிடம் சவால் விட்டார். “உங்க அக்கா தானா விரும்பி, சிரிச்ச முகத்தோட இதே வண்டியில காட்டுக்குக் கிளம்புவா. கிளம்பலைன்னா வண்டியை நீயே எடுத்துக்கோ.”

மச்சான் அதை மறக்கவில்லை. அதனால்தான் காலை ஆறரைக்கே வந்து நிற்கிறார்.

“இது எல்லாமே அவ கேட்டு வாங்கினது,” என்றார் பொது மேலாளர். “மேல கூடாரம், அவ. அறுபது லிட்டர் தண்ணித் தொட்டி, அவ. மெக்கானிக் டேப்பை வச்சு வண்டியை அளந்ததைவிட உங்க அக்காவை அளந்ததுதான் அதிகம்.”

“அதான் ஏணிப் படியெல்லாம் இவ்ளோ நெருக்கமா இருக்கா?”

“அவ கால் எட்டணும்ல.”

“அடுப்பும் கீழ இருக்கு. நீங்க சமைச்சா முதுகு போயிடும் அத்தான்.”

“நான் ஏன் சமைக்கிறேன்?”

மச்சான் முன்பக்கம் வந்து, பம்பரில் சுருட்டியிருந்த இரும்பு வடத்தைத் தட்டிப் பார்த்தார்.

“அது வின்ச். சேத்துல மாட்டினா, வடத்தை ஒரு மரத்துல கட்டிட்டு பட்டனை அழுத்தணும். வண்டி தன்னைத்தானே இழுத்துக்கிட்டு வெளிய வந்துடும்.”

“உங்களுக்குப் போடத் தெரியுமா?”

“மெக்கானிக் எங்க ரெண்டு பேருக்கும் ரெண்டு நாள் சொல்லிக் குடுத்தான். அவ கத்துக்கிட்டா. நான் மேற்பார்வை.”

மச்சான் ஜன்னல் வழியாக உள்ளே தலையை விட்டார். ஓட்டுநர் இருக்கை இருந்தது. அதற்குப் பக்கத்தில் ஃப்ரிட்ஜ் இருந்தது. பின்னால் தண்ணீர்த் தொட்டி இருந்தது.

“அக்கா எங்க உக்காருவாங்க?”

“ஃப்ரிட்ஜுக்காக ஒரு சீட்டைக் கழட்டினோம். அதைப் பின்னாடி மாட்டச் சொல்லியிருக்கேன்.”

“எங்க பின்னாடி?”

பொது மேலாளர் எட்டிப் பார்த்தார். வண்டி நேற்றே பட்டறையிலிருந்து வந்துவிட்டது. நேற்றெல்லாம் அவர் வெளிப்பக்கத்தைத்தான் துடைத்துக்கொண்டிருந்தார்.

அப்போது மனைவி வந்தாள். தோளில் பை, காலில் பூட்ஸ், முகத்தில் சிரிப்பு. பொது மேலாளர் மச்சானை முழங்கையால் இடித்துவிட்டு, “ஏம்மா, உன் சீட்டு எங்க?” என்றார்.

அவள் வண்டியின் பதிவுப் புத்தகத்தை நீட்டினாள். செய்த மாற்றங்களுக்கெல்லாம் போக்குவரத்து அலுவலகம் ஒப்புதல் கொடுத்து முத்திரை குத்தியிருந்தது. கீழே ஒரு வரி: ‘இருக்கைகள்: ஒன்று.’

“எந்த அறிவாளி இப்படி விண்ணப்பம் போட்டது?”

“கையெழுத்து உங்களோடதுங்க.”

அவருடையதேதான். பென்சிலால் பெருக்கல் குறி போட்டு நீட்டினால் போதும், அந்த இடத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவார். அலுவலகத்திலும் அப்படித்தான், வீட்டிலும் அப்படித்தான். மேலே எழுதியிருப்பதைப் படிப்பது கீழே இருப்பவர்களின் வேலை.

மச்சான் சாவியையே பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா கிளம்பவில்லையென்றால் வண்டி அவருக்கு.

பொது மேலாளர் தொண்டையைச் செருமினார். “மனசை விட்டுடாதம்மா. இந்தத் தடவை நான் மட்டும் போயிட்டு வரேன். ஒண்ணொண்ணும் எப்படி வேலை செய்யுதுன்னு பார்த்துட்டு வந்து, உனக்கு விவரமாச் சொல்றேன்.”

“விவரமாத்தான் சொல்வீங்க,” என்று அவர் கையிலிருந்த சாவியை வாங்கிக்கொண்டு அவள் ஓட்டுநர் இருக்கையில் ஏறினாள். இருக்கையை முன்னே பின்னே நகர்த்தவே இல்லை. கால் அளவெடுத்ததுபோல் கிளட்சில் போய் உட்கார்ந்தது.

“அன்னைக்கு நான் பஸ் ஏறினது வசதி போதாம இல்லைங்க. ராத்திரி பூரா நீங்க காட்டைப் பத்தி விளக்கினதுல, காட்டோட சத்தம் ஒண்ணுகூட என் காதுல விழல. அதான்.”

கையசைத்துவிட்டு, தெருமுனையில் ஒரே திருப்பில் வண்டியை ஒடித்துத் திருப்பிப் போய்விட்டாள்.

பொது மேலாளர் பன்னிரண்டு பாக்கெட்டும் தெரிய நிமிர்ந்து நின்றார்.

“பார்த்தேல்ல மச்சான்? தானா விரும்பி, சிரிச்ச முகத்தோட கிளம்பிட்டா. இப்ப சொல்லு, ஜெயிச்சது யாரு?”