தலைக்குப் பத்து நிமிஷம்

"கொடுமை மேடம்! எங்க கிளாஸ்ல நாற்பது பேரையும் தலைக்குப் பத்து நிமிஷம் உள்ளே உட்கார வச்சுப் பாடாப் படுத்துறாங்க!"

வகுப்புத் தலைவி புகார்க் கடிதத்தைக் கல்லூரி முதல்வரின் மேஜையில் வைத்தாள். தோழிகள் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் மைக் செட். சும்மா வைக்கவில்லை.

கல்லூரியில் ஒரு வாரமாக, 'உன் உடம்பு, உன் அழகு' நிகழ்ச்சி. பேச்சும் கைதட்டலும் முடிந்ததும் ஒவ்வொரு மாணவியும் தனியாக நர்ஸைப் பார்க்க வேண்டும். எடை, மாதவிடாய், வெளியே சொல்லக் கூசும் தொல்லை, எதையும் கேட்கலாம்.

"எனக்கு ஒண்ணும் இல்லைன்னு சொல்லியும் விடலை மேடம். கதவைச் சாத்திட்டுக் கடிகாரத்தையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. சுவத்துல இருந்த கண் பரிசோதனை அட்டை எனக்கு மனப்பாடமே ஆயிடுச்சு!"

முதல்வர் அவளை அனுப்பிவிட்டு நர்ஸை அழைத்தார்.

"என்ன சிஸ்டர் இது? வேலை வெட்டி இல்லையா? இப்படின்னா நிகழ்ச்சியையே நிறுத்திடுவேன்."

நர்ஸ் அசரவில்லை.

"போன வருஷம் ஒண்ணும் இல்லாதவங்களை ஒரே நிமிஷத்துல அனுப்பினேன் மேடம். ஒருத்தி மட்டும் பத்து நிமிஷம் இருந்தா. சாயங்காலத்துக்குள்ள 'அவளுக்கு என்னமோ நோயாம்'னு காலேஜ் பூரா பேச்சு. சாதாரணத் தொற்றுதான். ஒரு வாரம் மாத்திரை சாப்பிட்டா போயிருக்கும். ஆனா அவ திரும்பி வரவே இல்லை. படிப்பையே விட்டுட்டா."

முதல்வர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"இந்த வருஷம் இந்த கிளாஸ்லயும் அப்படி யாராவது...?"

"இருக்கா. வைத்தியம் நடக்குது. யாருன்னு மட்டும் கேட்காதீங்க."

முதல்வர் கடிதத்தின் கையெழுத்துகளை மேலிருந்து கீழாக எண்ணினார். நாற்பது. அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"நன்றி கெட்ட பொண்ணு! ஒருத்தி பாக்கியில்லாம போட்டிருக்காங்களே. உங்ககிட்ட வைத்தியத்துக்கு வந்தவளும் உங்க மேலேயே புகார் பண்ணியிருக்கா, பாருங்க!"

"போட மாட்டேன்னு எங்கிட்ட வந்து அழுதா மேடம்" என்றார் நர்ஸ். "முப்பத்தொன்பது பேர் போட்டு அவ மட்டும் போடலைன்னா, யாருன்னு தெரிஞ்சிடாதா? நான்தான் மிரட்டிப் போட வச்சேன்."